முகம் தெரியாத எதிராளியுடன் குழுவாக ஆடும் சதுரங்கம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சதுரங்கக் கழகத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே அணியாகச் சேர்கிறார்கள். எதிரே ஒரே ஓர் ஆட்டக்காரர். அவர் யாரென்று அணியில் ஒருவருக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நகர்த்தல்தான். ஒவ்வொன்றையும் கூடிப் பேசி, வாக்களித்து, ஒரு தூதர் மூலம் அனுப்பிவைக்கிறார்கள்; பதில் வந்ததும் மறுபடி கூடுகிறார்கள். கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். வலிமையான ஆட்டக்காரர் ஒருவர் தனியாக ஆடும்போது அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. குழு ஆட்டத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொன்னதை மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

குழுவாக ஆடுவது பழைய வழக்கம். 1824 முதல் 1828 வரை எடின்பரோ கழகமும் லண்டன் கழகமும் கடிதம் வழியாக மோதின, எடின்பரோ வென்றது. ஸ்காட்ச் கேம் என்ற தொடக்கத்துக்கு (ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களின் வரிசைக்கு) அந்தப் பெயர் கிடைத்தது அந்தப் போட்டியால்தான். 1999 ஜூன் 21 அன்று உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ் ஒருபுறமும், 75க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மறுபுறமுமாக இணையத்தில் ஓர் ஆட்டம் தொடங்கியது. நான்கு மாதம் நீடித்த அந்த ஆட்டத்தில் 62 நகர்த்தல்களுக்குப் பிறகுதான் காஸ்பரோவால் வெல்ல முடிந்தது. 2025இல் நார்வே கிராண்ட்மாஸ்டர் மாக்னஸ் கார்ல்சனை எதிர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதே முறையில் ஆடி டிரா செய்தார்கள். இந்த ஆட்டங்களில் எதிராளியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பெயரை மறைத்துவிட்டால் ஆட்டம் இன்னும் சுவையாகிறது. நடத்துவதும் சற்றுக் கடினமாகிறது. எப்படி நடத்துவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. தூதரைத் தேர்ந்தெடுங்கள்

எதிராளியைத் தேடுவதற்கு முன்பே தூதர் வேண்டும். எதிராளி யார் என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். நகர்த்தல்களைக் கொண்டுசெல்வதும் கொண்டுவருவதும் அவர் வேலை. அவர் வாக்களிக்கக் கூடாது. விவாதத்தில் கருத்துச் சொல்லவும் கூடாது. கழகத்தின் மிக வலிமையான ஆட்டக்காரரை இந்தப் பொறுப்பில் வைத்து வீணாக்காதீர்கள். நேரம் தவறாதவர், எழுதியதை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பவர், ரகசியம் காப்பவர் என்று மூன்றும் பொருந்தும் ஒருவர் போதும்.

எதிராளியைத் தேடிப்பிடிப்பதும் தூதரே. கழகத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை அழைப்பது நல்லது. உள்ளே இருப்பவரை எதிராளியாக்கினால் அவர் விவாதங்களுக்கு வர முடியாது; யார் வரவில்லை என்று பார்த்தாலே ரகசியம் உடைந்துவிடும். வலிமையைப் பொறுத்தவரை, கழகத்தின் முதல்நிலை ஆட்டக்காரரைவிட ரேட்டிங்கில் (ஆட்டக்காரரின் வலிமையைக் காட்டும் எண்ணில்) 200 புள்ளிகள் அளவுக்கு உயர்ந்தவர் பொருத்தமாக இருப்பார். ரேட்டிங்கைக் கணக்கிடும் எலோ முறையின்படி 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் வலியவர் நான்கு ஆட்டங்களில் சுமார் மூன்று ஆட்டப் புள்ளிகள் (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். ஒழுங்காக நடக்கும் குழு, தன் சிறந்த உறுப்பினரைவிடக் கொஞ்சம் நன்றாகவே ஆடும் என்பதால் இந்த இடைவெளி ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது.

2. விதிகளை எழுதிக் கையொப்பமிடுங்கள்

விதிகளை வாய்மொழியாக விடாதீர்கள். ஆட்டம் சூடு பிடித்த பிறகு எழும் சண்டைகளில் பெரும்பாலானவை, முதல் நாளிலேயே எழுதியிருக்க வேண்டிய ஒரு வரியைப் பற்றியவை.

முதலாவது, நேரம். 1999 ஆட்டத்தில் இரு தரப்புக்கும் ஒரு நகர்த்தலுக்கு 24 மணி நேரம். இணையத்தில் அது நடக்கும். நேரில் கூடும் கழகத்துக்கு அது பெரும் சுமை. வாரம் இரண்டு நகர்த்தல் என்பது எனக்குப் பிடித்த வேகம். 40 நகர்த்தல் கொண்ட ஆட்டம் அந்தக் கணக்கில் 20 வாரங்களில் முடியும். வாரம் ஒன்று என்றால் ஒன்பது மாதத்துக்கும் மேல் ஆகிவிடும். பாதியில் ஆர்வம் வடிந்துவிடும்.

இரண்டாவது, இன்ஜின். சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலான செஸ் இன்ஜினை எவரும் தொடக் கூடாது என்பதை இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட முடியாது. சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பின் போட்டிகளில் இன்ஜின் பயன்படுத்த அனுமதி உண்டு. அங்கே ஆடிப் பழகியவருக்கு அது இயல்பான கருவி. ஆகவே எதிராளி யாராக இருந்தாலும் தெளிவாகக் கேட்டுவிடுவது தூதரின் கடமை. இன்ஜினை ஏன் இவ்வளவு கண்டிப்பாக விலக்கச் சொல்கிறேன் என்றால், ஒருவர் வீட்டில் ரகசியமாக விடையைப் பார்த்துவிட்டு வந்தாலே போதும், அன்றைய விவாதம் செத்துவிடும். அவர் சொல்வது சரியாக இருக்கும்; ஏன் சரி என்று அவராலும் சொல்ல முடியாது.

தொடக்க ஆட்டப் புத்தகங்களை அனுமதிக்கலாம். அஞ்சல் வழி ஆட்டத்தில் அது நெடுநாள் மரபு. பலகையில் ஏழு காய்கள் வரை மட்டும் மிஞ்சிய எல்லா நிலைகளுக்கும் சரியான விடையைச் சேமித்து வைத்திருக்கும் டேபிள்பேஸ் தொகுப்புகள் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். அதுவும் இன்ஜினுக்குச் சமமே.

மூன்றாவதாகச் சில்லறை விஷயங்கள்: வாக்குகள் சமமானால் யார் முடிவெடுப்பது (அணித்தலைவர்), டிரா கேட்கவோ தோல்வியை ஒப்புக்கொள்ளவோ எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும் (மூன்றில் இரண்டு பங்கு என்று வையுங்கள், சாதாரணப் பெரும்பான்மை போதாது), நகர்த்தல் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் என்ன செய்வது. நிறத்தைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள்.

3. நகர்த்தலை எண்களில் அனுப்புங்கள்

காய்களின் பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஒருவர் ராணி என்பதை இன்னொருவர் மந்திரி என்கிறார். வேறொருவருக்கு மந்திரி என்றால் பிஷப். இந்தக் குழப்பத்தை அடியோடு நீக்க, அஞ்சல்வழி ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் எண் குறியீடு இருக்கிறது. வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து நெடுவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். கிடைவரிசைகளுக்கு வழக்கமான எண். புறப்படும் கட்டத்தையும் சேரும் கட்டத்தையும் அடுத்தடுத்து எழுதினால் நான்கு இலக்கங்களில் நகர்த்தல் முடிந்துவிடும். ராஜாவின் முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறுவது 5254. ராஜா பக்கத்துக் குதிரை எஃப்3 கட்டத்துக்குத் தாவுவது 7163. ராஜா பக்கம் கோட்டை கட்டுவது 5171. ராஜாவின் நகர்வை மட்டும் எழுதினால் போதும்.

தூதர் எண்ணை அனுப்பும்போது, எதிராளியின் முந்தைய நகர்த்தலையும் சேர்த்து எழுத வேண்டும். இரு பலகைகளும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

4. ஒவ்வொரு நகர்த்தலையும் எப்படி விவாதிப்பது

இந்த ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குழுவின் வலிமை தலைகளின் எண்ணிக்கையில் இல்லை. முதலில் பேசியவரின் கருத்தை மற்ற எல்லோரும் வழிமொழிந்தால், இருபது பேர் கூடியும் ஒருவர்தான் ஆடியிருப்பார். கை தூக்குவதற்கு முன்னால் காரணம் வந்தாக வேண்டும். கீழே சொல்லும் வரிசையை அதற்காகத்தான் அமைத்திருக்கிறேன்.

எதிராளியின் நகர்த்தல் பலகையில் வைக்கப்பட்டதும், யாரும் விடை சொல்லக் கூடாது. 'இப்போது அவர் முறையாக இருந்தால் என்ன செய்வார்?' என்ற கேள்விக்கு எல்லோரும் முதலில் பதில் தேட வேண்டும். கண்டுபிடித்த மிரட்டல்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கத்தைத் தவறாமல் கடைப்பிடித்தால் பாதித் தவறுகள் குறையும்.

ஓர் உதாரணம். நெடுவரிசைகளை ஏ முதல் எச் வரை எழுத்துகளால் குறிக்கும் வழக்கமான முறையில் சொல்கிறேன். வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்புச் சிப்பாய் இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இப்போது கறுப்புக் குதிரை டி4க்குத் தாவுகிறது. இ5 சிப்பாய் காவல் இல்லாமல் நிற்கிறது. கூட்டத்தில் ஒருவர் உடனே 'இலவசச் சிப்பாய்!' என்பார், தலைகள் ஆடும், குதிரை அதை வெட்டிவிடும். கறுப்பு ராணி ஜி5க்கு வருகிறது. குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒரே நேரத்தில் குறிவைக்கிறது. வெள்ளைக் குதிரை எஃப்7இல் வெட்டி ராணியையும் யானையையும் சேர்த்துத் தாக்குவது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ராணி ஜி2வை வெட்டுகிறது, வெள்ளை யானை எஃப்1க்கு நகர்கிறது, ராணி இ4இல் வெட்டிச் செக் வைக்கிறது, பிஷப் இ2க்கு வந்து தடுக்கிறது; கறுப்புக் குதிரை எஃப்3க்கு வந்து செக்மேட். ஏழே நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. டி4க்கு வந்த குதிரையை வெட்டிவிட்டால் வெள்ளைக்கு நல்ல நிலை. இந்த வரிசையை உங்கள் முதல் கூட்டத்திலேயே பலகையில் ஆடிக் காட்டுங்கள். மிரட்டலைத் தேடாமல் வாக்களிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று அதன்பின் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

மிரட்டல்கள் பட்டியலான பிறகு பத்து நிமிடம் மௌனம். ஒவ்வொருவரும் ஒரு தாளில் தன் நகர்த்தலையும், எதிராளியின் சிறந்த பதிலையும், அதற்கு நம் பதிலையும், ஒரு வரிக் காரணத்தையும் எழுத வேண்டும். பிறகு தாள்களைப் படிக்கத் தொடங்குங்கள். ரேட்டிங் குறைந்தவரிடமிருந்து தொடங்கி மேலே போங்கள். வலியவர் முதலில் பேசிவிட்டால் புதியவர் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார். பிழையான யோசனையாக இருந்தால்கூட, அது ஏன் பிழை என்று வலியவர் நிரூபிக்க வேண்டிவரும். அந்த நிரூபணத்தைக் கேட்கும் புதியவருக்கு அது வருடம் முழுக்க மறக்காது.

பட்டியலிலிருந்து இரண்டு அல்லது மூன்று நகர்த்தல்களை மட்டும் ஆழமாக ஆராயுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரை எதிராளியின் இடத்தில் உட்கார வையுங்கள். அவர் வேலை, அணி எதைச் சொன்னாலும் அதை உடைப்பது. இந்தப் பொறுப்பைச் சுழற்சியில் விடுங்கள். எப்போதும் ஒருவரே செய்தால் அவரை எல்லோரும் முட்டுக்கட்டையாகப் பார்க்கத் தொடங்குவார்கள்.

5. வாக்குகள் சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

பதினைந்து பேர் கொண்ட அணி என்று வைத்துக்கொள்வோம். ராணிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆறு பேர். எச் சிப்பாயைத் தள்ளித் தாக்கலாம் என்று ஐந்து பேர். ஜி சிப்பாயைத் தள்ளித் தாக்கலாம் என்று நான்கு பேர். எண்ணிப் பார்த்தால் ராணி மாற்றம் வென்றுவிடும். ஆனால் ஒன்பது பேர் விரும்பியது தாக்குதலை! எனவே இரண்டு சுற்று வாக்கெடுப்பு வையுங்கள். முதல் சுற்றில் முன்னணியில் வரும் இரண்டு நகர்த்தல்களுக்கு மட்டும் இரண்டாம் சுற்று. இதற்கு மேல் நுட்பமான முறைகள் உண்டு. கழக அளவில் அவை தேவைப்படுவதில்லை.

ஐந்தாறு பேர் மட்டுமே இருந்தால் வாக்கெடுப்பையே விட்டுவிடலாம், பேசி ஒருமனதாக முடிவு செய்யுங்கள். முப்பதைத் தாண்டினால் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு நகர்த்தலை ஆராய்ந்து வந்து சொல்லட்டும்.

தோற்ற நகர்த்தலுக்கு வாக்களித்தவர்களின் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயரோடு, தேதியோடு எழுதுங்கள். பின்னால் இது தங்கமாக உதவும்.

6. திட்டத்தை ஒரே வரியில் வைத்திருங்கள்

கூட்டமாக ஆடுபவர்கள் தோற்பதற்குப் பெரிய காரணம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு புதிய திட்டம் பிறப்பதுதான். செவ்வாயன்று வந்தவர்கள் ராஜா பக்கம் தாக்க வாக்களிப்பார்கள். வெள்ளியன்று வேறு சிலர் வந்து காய்களை ராணி பக்கம் திருப்புவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல நகர்த்தல்கள். சேர்த்துப் பார்த்தால் இரண்டு நகர்த்தல்கள் வீண்.

ஆகவே தொடக்கக் கட்டம் முடிந்ததும் ஒரு கூட்டத்தைத் திட்டத்துக்கென்றே ஒதுக்குங்கள். 'சி நெடுவரிசையைக் கைப்பற்றி, ஏ7 சிப்பாயைத் தாக்குவது' என்பதுபோல ஒரே வரியில் எழுதிப் பலகைக்கு மேலே ஒட்டுங்கள். அதை மாற்ற வேண்டுமானால் தனியாக வாக்கெடுப்பு வேண்டும். மாற்றக் கேட்பவர், எதிராளியின் எந்த நகர்த்தலால் பழைய திட்டம் செல்லாமல் போனது என்று சொல்ல வேண்டும்.

1999 ஆட்டத்தில் காஸ்பரோவை எதிர்த்த உலக அணி சாதித்ததற்கும் இந்தத் தொடர்ச்சியே காரணம் என்பது என் கருத்து. அந்த அணிக்கு ஆலோசனை சொன்ன நான்கு இளம் ஆட்டக்காரர்களில் ஒருவர் இரினா க்ருஷ். அப்போது அவருக்கு வயது 15. பத்தாவது நகர்த்தலில் கறுப்பு ராணியை இ6க்குக் கொண்டுபோகும் புதிய யோசனையைப் பரிந்துரைத்தவர் அவர்தான். அதன் பிறகு பங்கேற்பாளர்களின் ஆய்வுகளைத் திரட்டி, சேர்த்துக் கோத்து, தொடர்ச்சி அறுந்துவிடாமல் வெளியிட்டுவந்தார். 58ஆவது நகர்த்தலின்போது அவருடைய பரிந்துரை வாக்காளர்களை நேரத்துக்குள் சென்றடையவில்லை. அணி வேறு நகர்த்தலைத் தேர்ந்தது. நான்கு நகர்த்தல்கள் கழித்து ஆட்டம் முடிந்தது. ஆய்வுகளைத் தொகுக்கும் ஒருவரை உங்கள் அணியிலும் நியமியுங்கள். அவர் வர முடியாத நாளுக்கு மாற்று ஆளையும் சேர்த்தே நியமியுங்கள்.

தொடக்கத்தைத் தேர்வதில் ஒரு சொல்: கூர்மையான, மனப்பாடம் வேண்டும் வரிசைகளை எடுக்காதீர்கள். அணியின் கடைசி நிலை ஆட்டக்காரரும் பின்தொடரக்கூடிய இத்தாலியன் கேம், ராணிச் சிப்பாய்த் தொடக்கம் போன்றவை போதும்.

7. எதிராளி யாரென்ற ஊகத்தைத் தனியே வையுங்கள்

ஊகிக்காமல் யாராலும் இருக்க முடியாது. தடை போடவும் வேண்டாம். ஒரு பெட்டி வையுங்கள். ஊகத்தை எழுதிப் போடட்டும். ஆட்டம் முடிந்த பிறகு திறக்கலாம். விவாதத்தின் நடுவே மட்டும் பெயர்கள் வரக் கூடாது. பெயரை மறைப்பதன் பயன் அதில்தான் இருக்கிறது. எதிரே கிராண்ட்மாஸ்டர் என்று நம்பும் அணி நல்ல தாக்குதலைக்கூடக் கைவிட்டுப் பின்வாங்கும், சிறுவன் என்று நம்பும் அணி அவன் வைத்த கண்ணியில் போய் விழும். பெயர் தெரியாதபோது பலகையில் இருப்பதை மட்டுமே பார்க்க வேண்டியிருக்கிறது.

மறைந்திருக்கும் எதிராளியின் ஈர்ப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. வோல்ஃப்காங் வான் கெம்பெலன் 1770இல் காட்சிக்கு வைத்த 'துருக்கியன்' என்ற இயந்திரம் தானாகவே சதுரங்கம் ஆடுவதாக ஐரோப்பா வியந்தது. 1809இல் நெப்போலியனும் அதனுடன் ஆடினார். உள்ளே ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார். அதில் ஏமாற்று இருந்தது. உங்கள் ஆட்டத்தில் ஒளிவு மட்டும்தான், இறுதியில் முகம் வெளிப்படும் என்ற வாக்குறுதியோடு.

ரகசியம் கசியும் வழிகளைத் தூதர் அடைக்க வேண்டும். எதிராளி பத்தே நிமிடத்தில் பதில் சொன்னாலும் இரண்டு நாள் எடுத்தாலும், அணிக்கு அறிவிப்பது எப்போதும் ஒரே நேரத்தில். எதிராளியின் சொற்கள் எதுவும் அப்படியே வரக் கூடாது. நான்கு இலக்கங்கள் மட்டும் வரட்டும். டிரா கேட்டால் 'டிரா கேட்கிறார்கள்' என்று தூதரின் நடையில் சொன்னால் போதும்.

8. நீங்கள் மிகவும் புதியவர் என்றால்

காய்களின் நடையை இப்போதுதான் கற்றிருந்தாலும் மூன்று வேலைகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. ஒன்று, வாக்களிப்புக்கு முன் கடைசிச் சோதனை: வெல்லப்போகும் நகர்த்தலைப் பலகையில் வைத்து, நம் ஒவ்வொரு காயையும் தொட்டு, 'இதை யாராவது வெட்ட முடியுமா, வெட்டினால் நாம் திருப்பி வெட்ட முடியுமா?' என்று உரக்கக் கேளுங்கள். ஆழமான கணக்குகளில் மூழ்கியிருக்கும் வலியவர்கள் கண்ணெதிரே இருப்பதைத் தவறவிடுவது உண்டு. இரண்டு, எதிராளிக்கு இருக்கும் எல்லாச் செக்குகளையும் பட்டியலிடுங்கள். மூன்று, புரியாத காரணம் எதையும் புரியாமல் விட்டுவிடாதீர்கள், 'ஏன்?' என்று கேளுங்கள். கேட்கப்பட்டவருக்கு விளக்க முடியவில்லை என்றால் அந்த நகர்த்தலை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

புரியாத நிலையில் வாக்களிக்காமல் இருப்பதும் மரியாதையான முடிவுதான். நண்பர் கை தூக்கினார் என்பதற்காகத் தூக்காதீர்கள்.

9. முடிக்கும்போது

டிரா கேட்கும் ஆசை குழுக்களுக்குச் சீக்கிரமே வந்துவிடும். தோல்விக்குப் பொறுப்பேற்க யாரும் விரும்பாததால் பாதுகாப்பான நகர்த்தலுக்கே வாக்கு சேர்கிறது. மூன்றில் இரண்டு பங்கு விதியை வைத்ததற்குக் காரணம் இதுவே. இறுதிக்கட்டத்தில் சிப்பாய்களும் ராஜாக்களும் மட்டும் மிஞ்சினால் கூட்டத்தின் அளவைக் குறைக்காதீர்கள். நகர்த்தல்களை எண்ணும் அந்தக் கட்டத்தில் பல கண்கள் இருப்பது பெரிய பலம்.

முடிவு தெரிந்த மறுகூட்டத்துக்கு எதிராளியை அழைத்து வாருங்கள். ஊகப் பெட்டியைத் திறங்கள். பிறகு முதல் நகர்த்தலிலிருந்து ஆட்டத்தை அவரோடு மறுபடி ஆடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் அணியின் குறிப்பேட்டைப் படியுங்கள்: யார் என்ன சொன்னார்கள், எது தோற்றது, ஏன். அதன் பிறகு அவர் அந்த இடத்தில் எதற்கு அஞ்சினார் என்று கேளுங்கள். அணி விவாதிக்கவே இல்லாத ஒரு நகர்த்தலுக்கு அவர் அஞ்சியிருப்பார். சிறுபான்மையாகத் தோற்ற நகர்த்தல்தான் அவரைத் திணறடித்திருக்கும் என்பதும் அவ்வப்போது தெரியவரும். அந்த நகர்த்தலைச் சொன்னவரின் பெயரைக் குறிப்பேட்டிலிருந்து சத்தமாகப் படியுங்கள்.

இன்ஜினை அன்றுதான் திறக்க வேண்டும், அதுவும் எல்லோரும் தங்கள் கருத்தைச் சொல்லி முடித்த பிறகு. குறிப்பேட்டைப் பாதுகாப்பாக வைத்து, அடுத்த ஆட்டத்துக்கு நிறத்தை மாற்றி, புதிய தூதரை நியமியுங்கள். பழைய தூதர் இத்தனை மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்; அடுத்த ஆட்டத்தில் முதல் தாளைப் படிக்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள்.